கப்டனைத் திசை மாற்றிய சூரியன்

எங்கள் சாச்சாவுக்கு முன்னால் பிழையான தகவல் ஒன்றைச் சொல்லிவிட்டு யாரும் தப்பிப் போனதில்லை. வாப்பாவின் தம்பியான அவர் புத்தளத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். கற்பிட்டியில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஒரு கல்யாண வீட்டில், எல்லாரும் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் மாமா ஒருவர் திமிங்கிலத்தை மீன் என்று சொல்லிவிட்டார். சாச்சா சோற்றிலிருந்து கையை எடுத்து, அது மீன் இல்லை என்று நிறுவி முடிப்பதற்குள் கடைசியில் வரும் இனிப்பு வட்டிலப்பம் தீர்ந்துவிட்டது. நடமாடும் சிவப்புப் பேனை என்று உம்மா அவரைப் பகிடி பண்ணுவார்.

என் நானாவுக்கு, அதாவது அண்ணனுக்கு, அப்போது பதின்மூன்று வயது. எனக்கு ஒன்பது. அவனிடம் ஏழு புறாக்கள் இருந்தன. அவற்றில் நெஞ்சு பச்சையாய் மினுங்கும் சாம்பல் புறாவுக்குக் கப்டன் என்று பெயர் வைத்திருந்தான். வண்ணாத்திவில்லில் கொண்டுபோய் விட்டும் பகல் சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்கு வந்த புறா அது. “கப்டன உலகத்தில எங்க கொண்டு உட்டாலும் வரும்” என்பான். நானா சொன்னால் எனக்குச் சொன்னதுதான். தினமும் சைக்கிள் பாரில் என்னை ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோகிறவனும், இடைவேளைக்குத் தின்னும் தன் பணிஸில் பெரிய பாதியை எனக்குத் தருகிறவனும் அவன்தான்.

உச்சமுனையில் உம்மாவின் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்குப் பெயர் வைக்கும் விருந்து வந்தது. நானாவுக்குப் பள்ளியில் உதைபந்தாட்டம், அவன் வரவில்லை. முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கப்டனுக்குச் சோளம் காட்டிப் பிடித்து, ஓலைக் கூடைக்குள் வைத்து, மேலே என் சட்டையை விரித்து மூடினேன். அங்கே பறக்கவிட்டால் எங்களுக்கு முன்பே வீடு வந்துவிடும், நானா சந்தோஷத்தில் துள்ளுவான் என்பதுதான் என் திட்டம். கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. படகில் களப்பைக் கடக்கும்போது கூடைக்குள் புறா குமுறியது. அது குமுறும்போதெல்லாம் நான் இருமினேன். எதிரே இருந்த சாச்சா, “என்ன மகள், தடிமனா?” என்று கேட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார்.

பதினொரு மணி போல, விருந்து வீட்டுக்குப் பின்னால் போய்க் கூடையைத் திறந்தேன். கப்டன் தலைக்கு மேல் இரண்டு வட்டம் போட்டது. பிறகு வீடு இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு நேரே பெருங்கடல் பக்கம் பறந்தது. ஏதோ குறுக்குப் பாதை தெரிந்து வைத்திருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நாங்கள் வீடு வந்தபோது நானா மதிலில் ஏறி நின்று கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆறு புறாக்கள் கூட்டில் இருந்தன. பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை அவன் இறங்கவில்லை. இறங்கியபோது அழுதுகொண்டிருந்தான். அவன் அழுததை அதற்கு முன் நான் கண்டதே இல்லை. உண்மையைச் சொன்னால் இனி என்னைச் சைக்கிளில் ஏற்றவே மாட்டான், முகம் பார்த்துக் கதைக்கவே மாட்டான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை கிணற்றடியில் சாச்சா தான் உடுத்தும் சாரனைக் கழுவிக்கொண்டிருந்தார். நானா என் ஓலைக் கூடையோடு வந்தான். அதற்குள்ளிருந்து ஒரு சாம்பல் இறகை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“இது என்ன?”

நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

“புறா வளக்கிற வீட்டில எறகு எங்கதான் இல்ல? நேத்து என்ட சோத்துக்குள்ளயும் கிடந்த” என்றார் சாச்சா. “இங்க வா, இந்தச் சாரன்ட மத்தப் பக்கத்தப் புடி. ஒன்ட புறா ஏன் வரல்லண்டு காட்டுறன்.”

நானா ஒரு முனையை வலப்பக்கமும் சாச்சா மறு முனையை இடப்பக்கமும் முறுக்கினார்கள். சூரியன் கல்லுப் போல ஒரு கட்டி இல்லை என்றார் சாச்சா. அதன் இடுப்பு வேகமாகச் சுற்றும், தலையும் காலும் ஆறுதலாகச் சுற்றும்; அதனால் அதன் காந்தக் கோடுகள் இப்படித்தான் முறுக்கேறும். முறுக்க முறுக்கச் சாரனின் நடுவில் ஒரு திமில் எழும்பியது. என்னைக் கூப்பிட்டு அதன் மேல் கையை வைத்து அமத்தச் சொன்னார். அந்த முறுக்கை மேலேயுள்ள காந்த வளைவுகள் இப்படி அமுக்கி வைத்திருக்குமாம். அவர்கள் இன்னும் முறுக்கினார்கள். ஈரத் துணி உயிருள்ளதுபோல என் உள்ளங்கையைத் தள்ளியது.

“இனிப் புடிக்க ஏலாது என்ட நேரம் வரும். மேல உள்ள கோடுகள் அறுந்து வேற விதமா ஒட்டிக்கொள்ளும். கைய எடு!”

எடுத்தேன். திமில் துள்ளிப் புரண்டது. மூன்று பேர் முகத்திலும் தண்ணீர் தெறித்தது. இரண்டு நாளில் நானா அப்போதுதான் சிரித்தான்.

இப்படித்தான் சூரியன் நெருப்பு வாயுவைக் காந்தத்தோடு சேர்த்து ஒரு பெரும் முகிலாக வீசும் என்றார் சாச்சா. அது வந்து அடித்தால் பூமியின் காந்தம் ஆடிப்போகும். அந்தக் காந்தத்தை வைத்துத்தான் புறா திசை பிடிக்கிறது. “நேத்து விடியச் சுபஹுக்குப் பொறகு கிளம்பின புயல், பதினொரு மணி போல இங்க வந்து அடிச்சிருக்கு. கப்டன் பாவம், என்ன செய்யும்?”

பதினொரு மணி! நான் கூடையைத் திறந்த அதே நேரம். எனக்குக் கிணற்றடியிலேயே நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூது செய்யலாம் போல இருந்தது. பிழை என்னுடையது இல்லை, சூரியனுடையது.

நானா யோசித்தான். “சூரியன் அவ்வளவு தூரத்தில இருக்கு. இவ்வளவு கெதியா வந்துட்டா சாச்சா?”

கேள்வி என்றால் சோற்றையே விட்டுவிட்டு எழும்பும் மனிதர், “சாரனக் காயப் போடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பள்ளிக்கு நேரமாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். நானா சூரியனைப் பார்த்துக் கல் ஒன்றை எறிந்தான். பிறகு சைக்கிளை எடுத்து, என்னைப் பாரில் ஏற்றிக்கொண்டான். கப்டன் கடைசிவரை வரவில்லை. இன்றைக்கும் போனில் சிக்னல் இல்லாவிட்டால் நானா ஏசுவது சூரியனைத்தான்.

அண்மையில் பெரிய சூரியப் புயல் ஒன்று வருவதாகப் போனில் செய்தி வாசித்தேன். சூரிய முடித் திணிவு வெளியேற்றம் என்று வாய் வலிக்கும் பெயர் போட்டிருந்தார்கள். முந்தாநாள் சூரியனைவிட்டுக் கிளம்பியதாம், இனித்தான் பூமிக்கு வருமாம். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். திமிங்கிலத்தை மீன் என்று சொல்லவிடாத மனிதர் அதைத் தெரியாமல் சொல்லியிருக்க முடியாது. ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு தில்லையடியில் இருக்கும் சாச்சாவுக்கு உடனே அழைப்பெடுத்தேன்.

“சாச்சா, சூரியன்ல கிளம்பின புயல் இங்க வந்து சேர எவ்வளவு காலம்?”

“ரெண்டு மூணு நாள். எவ்வளவு வேகமா வந்தாலும் அரை நாளுக்கு மேல போகும்” என்றார், வகுப்பில் நிற்பவர் போல.

“அப்ப அண்டைக்குச் சுபஹுக்குக் கிளம்பினது பதினொரு மணிக்கு எப்பிடி வந்த?”

சாச்சா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நானா பக்கத்தில இருக்கானா?”

“இல்ல சாச்சா.”

“அவனுக்குச் செல்லிடாத மகள். அவன் சூரியனோடயே கோவமா இருக்கட்டும்.”