மேப்பில் இல்லாத மலை

புரட்டாசி சனிக்கிழமை. மலைப் பெருமாளைப் பார்க்க ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த என் அக்கா, பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

"எந்த இடம் சார்?"

"திருவண்ணாமலை. கோயில் படிக்கட்டு."

"கிரிவலப் பாதையில எந்தப் பக்கம் சார்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, இது ஸ்ரீவில்லிபுத்தூர் திருவண்ணாமலை! பெருமாள் கோயில்!"

"மேப்புல ஒரு திருவண்ணாமலைதான் சார் காட்டுது. பக்கத்துல ஏதாவது லேண்ட்மார்க் சொல்லுங்க."

அட ஆண்டாளே! மலையை விடப் பெரிய லேண்ட்மார்க்குக்கு நான் எங்கே போவேன்? லொகேஷன் அனுப்பலாமென்றால், அத்தனை கூட்டத்தில் நெட் சுற்றிக்கொண்டே இருந்தது.

அடிவாரத்தில் தேங்காய் விற்பவர் ஒருவர் அதற்குள் படியேறி வந்துவிட்டார். "போனைப் பையில போடுங்க அண்ணாச்சி. அவிய மேப்பைப் பாத்து முடிக்கதுக்குள்ள நாம ஆஸ்பத்திரி போயிரலாம்."

நாலு பேர் சேர்ந்து அக்காவைக் கீழே தூக்கி வந்தோம். அவருடைய லோடு ஆட்டோவில், தேங்காய் மூட்டைகளுக்கு நடுவே, என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். வழியெல்லாம் அந்த ஆம்புலன்ஸ் பெண்ணை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன்.

நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போதுதான் சுரீரென்றது.

நான் பார்ப்பது அந்த மேப்பு வேலைதான். வெள்ளம், தீ, விபத்து என்றால் வண்டி போக வேண்டிய ஊர்களுக்குக் கம்ப்யூட்டரில் புள்ளி வைப்பது. பிளவக்கல் அணையைத் திறந்தால் எந்தத் தெருவில் தண்ணீர் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் ஒன்றை எடுத்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. புதுப்பட்டி என்று ஊருக்கு ஊர் உண்டு; எங்கள் பக்கத்து வ. புதுப்பட்டி, முன்னால் ஓர் இனிஷியல் இருந்ததால் பிழைத்தது. திருவண்ணாமலைக்கு அதுவும் இல்லை. கம்ப்யூட்டர் சிவப்பாகக் காட்டியது. பெரிய ஊரை வைத்துக்கொண்டு நம்மூரைத் தட்டிவிட்டேன். இத்தனைக்கும் வருஷம் தவறாமல் அந்தப் படி ஏறுகிறவன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாயங்காலம் அக்கா கண் திறந்தாள். கூடவே இருந்த தேங்காய்க்காரர் நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டார்.

"ஏலே, நீ அந்த மேப்பு வேலைதான பாக்க? நம்ம மலை அதுல இல்லையா?"

"இருந்துச்சுக்கா. நான்தான் அழிச்சேன்."



"நல்லா வெளங்கும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.