குதிரை இறந்த இரண்டு விதம்

ஹோம்புஷ் என்ற புறநகரின் அடுக்குமாடி வீட்டில், சமையலறை நாற்காலியில், அதாவது எங்கள் 'குசினி'க் 'கதிரை'யில், எப்போதும் கிடந்த அந்த நூலகப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையில் மீன்குழம்பு மணக்கும். அலெக்சாண்டரைப் பற்றிய தடித்த படப்புத்தகம் அது. படகேறி வருவதற்கு முன் ஊரில் சரித்திரம் படிப்பித்த அப்பா, கோழி இறைச்சித் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று களைத்து வந்து, எட்டு வயதான எனக்கு அதைப் பக்கம் பக்கமாகச் சொல்வார். காந்தாரத்துப் புத்தர் சிலைப் படத்தைக் காட்டி, "பார் பிள்ளை, இது கிரேக்கத்து உடுப்பு மடிப்பு. அலெக்சாண்டர் போய்க் கனகாலத்துக்குப் பிறகும் அவன் கொண்டுவந்தது கல்லில நிக்குது" என்பார்.

எனக்குப் பிடித்தது அவனுடைய குதிரைதான். அதன் பெயரில் ஒரு நகரமே எழுப்பினானாம். போரில் பட்ட காயத்தால் அது செத்தது என்று அப்பா சொல்லி முடிக்கையில் யன்னலுக்கு வெளியே ரயில் போகும், சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து, "ஆனா இன்னொருத்தர் வேற மாதிரி எழுதியிருக்கிறார். காயமே இல்லையாம், வயசு போய்க் களைச்சுச் செத்ததாம்" என்பார். அலெக்சாண்டரோடு கூடப் போனவர்கள் எழுதியதெல்லாம் அழிந்துவிட்டதாம். சில நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்கள் அவற்றைப் பார்த்து எழுதியதுதான் நமக்கு மிச்சமாம். ஆகவே இரண்டையும் சொல்லவேண்டும், ஒன்றை மறைத்தால் அது பொய் என்பது அப்பாவின் கட்சி. "அப்ப எது உண்மை?" என்று நான் சிணுங்கினால் சிரிப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தக் குணத்தோடுதான் அகதி விசா நேர்காணலுக்கும் போனார். ஊரில் என் சித்தப்பாவை வீடு தேடி வந்து பிடித்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர் என்று அதிகாரி கேட்டாராம். "நான் கண்டது மூண்டு பேர். என்ர மனுசி நாலு எண்டு சொல்லுவா, அவ சொல்லுறதும் சரியா இருக்கலாம் எண்டு சொன்னனான்" என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"இஞ்சருங்கோ, ஒண்டை மட்டும் சொல்லியிருக்கலாமெல்லே?"

முன்னுக்குப்பின் முரணான கதை, நம்ப முடியாது என்று விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். அந்த மாமன்னனைப் பற்றி ஆளுக்கொன்றாக எழுதிவைத்ததை உலகம் பள்ளிக்கூடத்தில் பாடமாக வைத்திருக்கிறது; என் அப்பாவின் பேச்சு ஓர் ஆள் வித்தியாசத்தில் பொய்யாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாலை, குதிரைக் கதை சொல்லச் சொன்னேன். காயத்தால் செத்தது என்றார். ரயில் போனது, சத்தமும் அடங்கியது. நான் காத்திருந்தேன்.

"அவ்வளவுதான் பிள்ளை" என்று புத்தகத்தை மூடினார். அதன்பின் இன்னொருத்தர் எழுதியதை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

மேல்முறையீடு, இடைக்கால விசா என்று வருடங்கள் ஓடின. முடிவு வருமுன்னே ஒரு குளிர்காலத்தில் அப்பா இறந்துபோனார். அந்த அடுக்குமாடியையும் இடித்துவிட்டார்கள். ரயில் மட்டும் போகிறது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் என்ன நடந்தது என்று கேட்டபோது, மாரடைப்பு என்றார் அம்மா. காத்திருந்து காத்திருந்தே களைத்துப் போனார் என்றேன் நான். அப்பாவுக்காக இங்கே இரண்டையும் எழுதி வைக்கிறேன்.