விழுங்கியபின் பேச வேண்டும்

காலை எட்டு மணி ஐந்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு காகிதக் கோப்பை. அதில் ஆரஞ்சு நிறத்தில் சர்பத்து. ஒரு சிறிய ஜன்னலுக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டைக் கை ஒன்று அதை நீட்டியது. வெளியே நின்றவர் மடக்கென்று குடித்தார், ஜன்னலைப் பார்த்து ஒன்றிரண்டு வார்த்தை சொன்னார், கோப்பையைக் கூடையில் போட்டுவிட்டுப் போனார். அடுத்தவர் வந்தார். அவரும் குடித்தார், ஏதோ சொன்னார், போனார். வரிசை கதவைத் தாண்டித் தெருவரை நீண்டிருந்தது. நான் புரூக்ளினுக்கு வந்து மூன்றாவது வாரம். ஜனவரி மாதம். கடற்கரைப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் சரக்குச் சீட்டுத் தட்டச்சு செய்யும் வேலை கிடைத்திருந்தது. அலுவலகம் திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எங்கள் தூத்துக்குடியில் மாதா கோவில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுச் சர்பத்து ஊற்றுவார்கள். யார் என்று கேட்க மாட்டார்கள். இந்தக் குளிரில் எதற்குச் சர்பத்து என்று யோசித்தபடியே நானும் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் நின்றவர் உயரமான கறுப்பர். துறைமுகத் தொழிலாளிகள் வைத்திருக்கும் இரும்புக் கொக்கி அவருடைய இடுப்பில் தொங்கியது. திரும்பிப் பார்த்து, “உனக்கு எவ்வளவு?” என்று கேட்டார்.

“ஒரு கோப்பை போதும்” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “முதல் தடவையா?”

“ஆமாம்.”

“நல்லது. வெட்கப்படாதே” என்று என் தோளைத் தட்டினார்.

ஜன்னலில் இருந்த நர்ஸ் என்னுடைய அட்டையைக் கேட்டார். அட்டை இல்லை என்றேன். தாகமாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, எல்லோரும் குடிக்கிறார்களே என்று நின்றேன் என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, பின்பு சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஜன்னலின் மேலிருந்த பலகையைக் காட்டினார். ஹெராயின் பழக்கத்துக்கு மருந்து கொடுக்கும் இடம் அது. சர்பத்தில் கலந்திருந்தது மெத்தடோன் என்ற மருந்து.

ஊரில் பத்திரிகைக்குத் துறைமுகச் செய்தி எழுதிய பழக்கம் என்னை விடவில்லை. அடுத்த நாளும் போய் நின்றேன், வரிசையில் அல்ல, எதிர்ப்பக்கம். டொலோரஸ் என்ற அந்த நர்ஸ் போர்ட்டோ ரிக்கோக்காரர். கொக்கி வைத்திருந்தவர் பெயர் ரேமண்ட். இருவரும் நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். ஒரு கோப்பை ஒரு நாளைக்குத் தாங்கும். உடம்பு நடுங்காது, ரேமண்ட் வேலைக்குப் போகலாம். நாளை மறுபடி வர வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று கேட்டேன். “சர்க்கரை வியாதிக்காரனிடம் அப்படிக் கேட்பாயா?” என்றார் ரேமண்ட். குடித்தபின் எல்லோரும் ஏன் பேசுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய புதிராக இருந்தது. மருந்தை வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே துப்பி விற்பவர்கள் உண்டாம். வாயில் திரவம் இருந்தால் பேச முடியாது. அதனால் குடித்தவர் ஏதாவது பேசியாக வேண்டும். அன்று ரேமண்ட் குடித்துவிட்டு, “உன் தொப்பி கோணல்” என்று நர்ஸிடம் சொன்னார். அதுவே போதும்.

இதை ஊருக்கு எழுதினால் யார் நம்புவார்கள்? எங்கள் ஊரில் மறுபடியும் மதுவிலக்கு வந்திருந்த நேரம். உடம்புக்கு அவசியம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பெர்மிட் வாங்கிக் குடிக்கலாம். அங்கே டாக்டர் சீட்டு குடிப்பதற்கு, இங்கே விடுவதற்கு. என் மாமா ஒருவர் கடலில் சங்கு குளிக்கப் போய்க் காது ஜவ்வு கிழிந்தவர். வலிக்கு என்று கடுகளவு அபினில் தொடங்கி, கடைசியில் அதில்லாமல் கட்டிலைவிட்டு எழ முடியாதவரானார். அவரை யாரும் அடிமை என்று சொன்னதில்லை, “மருந்து சாப்பிடுகிறவர்” என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவர் விடுவதற்கு ஒரு மருந்து இருக்கலாம் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியதும் மாமாவை நினைத்து அல்ல, தம்பி தொம்மையை நினைத்து. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணி ஒன்றில் தொம்மை தண்டல், அதாவது தோணியின் தலைவன். காற்றைப் பார்த்து அவன் சொல்வதை மற்றவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள். கரையில் கால் வைத்தால் குடி. கடைகள் திறந்திருந்தபோது சாராயம், மூடிய பிறகு வேம்பார்ப் பக்கத்திலிருந்து வரும் கள்ளச்சரக்கு, அதுவும் கிடைக்காவிட்டால் தச்சர்கள் மரத்துக்குப் பூசும் வார்னிஷ். வார்னிஷ் குடித்து ஒருவனுக்குக் கண் போனதைத் தொம்மையே பார்த்திருக்கிறான். கொழும்புத் துறையில் ஒருமுறை அவன் மயங்கிக் கிடந்து தோணி நங்கூரம் இழுத்துப் போனதால், இன்னொரு தரம் நடந்தால் வேறு தண்டல் என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலை போவதா, கண் போவதா, உயிர் போவதா, எது முதலில் என்பதுதான் வீட்டிலிருந்த கேள்வி.

இதில் வேடிக்கை, வருடத்தில் நாற்பது நாள் அவன் தொடவே மாட்டான். ஈஸ்டருக்கு முந்திய தவசுக் காலம் தொடங்கியதும் மாதா பீடத்தில் கை வைத்துச் சத்தியம் செய்வான். பெரிய வெள்ளி வரை கை நடுங்கும், வியர்க்கும், சத்தியத்தை மீற மாட்டான். ஈஸ்டர் பூசை முடிந்து கோவில் வாசலைத் தாண்டுவதற்குள் ஆளைக் காணாது. “நாப்பது நாள் இருக்கத் தெரியுதுல்லா? மிச்ச நாளு இருக்கதுக்கு என்ன கொள்ளை?” என்று அவன் மனைவி புஷ்பம் கேட்பாள். ஊரும் அதையே கேட்டது. நானும் கேட்டிருக்கிறேன்.

குடிக்கு மருந்து உண்டா என்று டொலோரஸிடம் கேட்டேன். டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை இருப்பதாகச் சொன்னார். அது ஆசையைக் குறைக்காது. அதைச் சாப்பிட்டவன் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி வரும். அந்தப் பயம்தான் வேலி. “யாருக்கு?” என்று கேட்டார். “ஊரில் என் தம்பிக்கு.” “அவனுக்குத் தெரியுமா?” “தெரியாது, நான்தான் கேட்கிறேன்.” அவர் தலையை ஆட்டினார். “அவனுக்குத் தெரிய வேண்டும். அங்கே ஒரு டாக்டர் அவனைப் பார்க்க வேண்டும்.” எங்கள் ஊரில் தம்பிக்கு வேண்டியதை அண்ணன்தான் கேட்பான் என்று விளக்கினேன். அவர் அதே இரண்டு வாக்கியங்களைத் திருப்பிச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

ஊரில் எனக்குப் பழக்கமான டாக்டருக்கு எழுதினேன். மெட்ராஸிலிருந்து வரவழைக்கலாம், தம்பியை அனுப்பு என்று பதில் வந்தது. தம்பிக்கு எழுதாமல் புஷ்பத்துக்கு எழுதினேன். அவள் டாக்டரிடம் போய், அவர் தோணியில் இருக்கிறார், வந்ததும் கூட்டி வருகிறேன் என்று சொல்லிச் சீட்டை வாங்கிவிட்டாள்.

ஈஸ்டர் கழிந்து இரண்டு வாரத்தில், ஏப்ரலில், அவளுடைய கடிதம் வந்தது. கன்னியர் மடத்துத் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள், எழுத்து மணியாக இருக்கும். “பெரியத்தான், மாதா கிருபையால மருந்து வேல செய்யுது. பொடி பண்ணி நெத்திலிக் கறில போட்டுட்டேன். அவுகளுக்குத் தெரியாது. மறுநா குடிச்சிட்டு வந்தாக. மூஞ்சி வெந்த நண்டு கணக்கா செவந்துட்டு. வாந்தி. நெஞ்சு அடிச்சது எனக்கு வெளிய கேட்டுச்சு. எவனோ செய்வினை வச்சிட்டான்னு சொல்லுதாக. நான் வாயத் தொறக்கல. மூணு நாளாக் குடிக்கல.”

இந்தப் பிழையை வேறு ஊரில் செய்திருப்பார்களா என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் புருஷனை வழிக்குக் கொண்டுவர இடுமருந்து வைப்பது என்று ஒரு பேச்சு உண்டு. சோற்றிலோ கறியிலோ ரகசியமாகக் கலப்பது. உண்பவனுக்குத் தெரிந்தால் பலிக்காது என்பதுதான் அதன் விதி. டாக்டர் சொன்னதைப் புஷ்பம் கேட்டாள், நான் எழுதியதைப் படித்தாள். ஆனால் மருந்து என்ற சொல்லோடு அவள் அறிந்திருந்த விதி அதுதான். கொடுப்பவரும் கொள்பவரும் ஜன்னலில் முகம் பார்த்துக்கொள்ளும் மருந்தை அவள் எங்கே கண்டாள்? அவனுக்குத் தெரிந்தே கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஏன் எழுதவில்லை என்று நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன்.

கடிதத்தோடு டொலோரஸிடம் போனேன். படித்துச் சொன்னதும், வரிசை நிற்க, அவர் ஜன்னலைவிட்டு வெளியே வந்தார். “அடுத்த முறை அதிகமாகக் குடித்தால் செத்துப்போவான். இன்றே சொல்.” தந்தி ஆபீஸுக்கு ஓடினேன். மாத்திரையை ஒளித்துக் கொடுக்காதே, ஆபத்து, அவனிடம் சொல், டாக்டரிடம் கூட்டிப் போ. பத்திரிகைக்குத் தந்தி அடித்த பழைய வழக்கப்படி சொற்களைக் குறைத்து, ஆங்கிலத்தில், புஷ்பம் பெயருக்கு அனுப்பினேன். அந்த வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் தொம்மை ஒருவன்தான் என்பது தெருவுக்கு வந்த பிறகு நினைவுக்கு வந்தது.

பதினைந்து நாள் கழித்துத் தொம்மை எழுதினான். “அண்ணே, தந்தி வந்துச்சு. யாரு செத்தான்னு அவ அழ ஆரம்பிச்சிட்டா. படிச்சிச் சொல்லுங்கன்னா. படிச்சேன். அடுப்புல கறி கொதிச்சிட்டுக் கெடந்துச்சு. கள்ளச்சரக்குலகூட என்ன போட்டிருக்குன்னு கேட்டுத்தான் குடிப்பேன். எம் பொண்டாட்டி கறில கேக்கணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு. நீ எனக்கு எழுதிருக்கலாம்லா? நான் என்ன சின்னப் பிள்ளையா?” கீழே ஒரு வரி இருந்தது: “அந்த மாத்திரை எங்கன கெடைக்கும்னு எனக்குச் சொல்லு.”

நான் இந்த முறை அவனுக்கே எழுதினேன். ஜன்னல், கோப்பை, ரேமண்ட், பேசுவது எல்லாவற்றையும் எழுதினேன். டாக்டரிடம் அவனே போனான். அதற்குப் பிறகும் மூன்று முறை குடியில் விழுந்தான். ஒருமுறை மாத்திரையை வேண்டுமென்றே இரண்டு வாரம் நிறுத்திவிட்டுக் குடித்தான். மறுபடியும் டாக்டரிடம் போனான்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் ஊருக்குப் போனேன். வந்த மறுநாள் மாலை தொம்மை என்னை ஒரு மருந்துக் கடைக்கு அழைத்துப் போனான். ஆறரை மணி. முன்பு அவன் குடிக்கக் கிளம்பும் நேரம் அது. கடைக்காரர் ஏரல் ஊர்க்காரர். டம்ளரில் மாத்திரையை நசுக்கித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசினார்.

“வாரும்வே தண்டல். அஞ்சு நிமிசம் பிந்திட்டீரு.”

“ஒம்ம கடியாரம் முந்தி ஓடுது அண்ணாச்சி.”

அருகில் தைலம் வாங்க நின்ற கிழவி, “ஏலே தொம்மை, தெனமும் இங்கன வந்து என்னத்தக் குடிக்க?” என்று கேட்டாள்.

“குடிக்காம இருக்கதுக்குத்தான் சித்தி குடிக்கேன்.”

குடித்தான். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “ம், பேசும்.”

“என்னத்தப் பேச?”

“எதையாவது பேசும்வே. அமெரிக்காவுல அப்படித்தான்னு நீருதான சொன்னீரு.”

“ஒம்ம கடைத் தண்ணி உப்புக் கரிக்கி.”

“சரி, முழுங்கியாச்சு” என்று அவர் டம்ளரைக் கழுவினார்.

மாத்திரைக்கு அப்படிப் பேசுவது தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இருவரின் முகத்தையும் பார்த்து விட்டுவிட்டேன். டொலோரஸின் ஜன்னலை யாரோ கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கிவைத்தது போலிருந்தது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். புஷ்பம் எனக்குப் பரிமாறினாள். பிறகு தொம்மையின் தட்டில் சோறு போட்டு, கறி ஊற்றி, பிசைந்து, ஒரு வாய் எடுத்து அவளே தின்றாள். விழுங்கினாள். “மீனு நல்ல மீனு” என்றாள். அதன் பிறகே தொம்மை தட்டைத் தன் பக்கம் இழுத்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. தந்தி வந்த பிறகு மூன்று மாதம் அவன் வீட்டில் சாப்பிடாமல் ஓட்டலில் சாப்பிட்டானாம். நாலாவது மாதம் ஒருநாள் அவளாகவே இப்படிச் செய்தாளாம். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. “எத்தனை நாளைக்கு ஏளா?” என்று கேட்டேன். “அவுக போதும்னு சொல்லுத வரைக்கும் பெரியத்தான்” என்றாள்.

இப்போது மறுபடி புரூக்ளின். பனி உருகித் தெரு நசநசக்கிறது. அலுவலகத்துக்குப் போகும் வழியில் ரேமண்ட் வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். என் தம்பி எப்படி என்று கேட்டார். மாத்திரை சாப்பிட்டு ஏதாவது பேசுகிறான் என்றேன். “என்ன பேசுகிறான்?” “தண்ணீர் உப்பு என்கிறான்.” ஜன்னலில் கோப்பையைக் காலி செய்துவிட்டு ரேமண்ட் டொலோரஸிடம் சொன்னார்: “இந்தத் தண்ணீர் உப்பு.” அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐந்து. என் கைக்கடிகாரத்தில் ஊர் நேரம், மாலை ஆறு முப்பத்தைந்து. ஊரிலிருந்து திரும்பியதும் அதை மாற்றி வைக்கவில்லை.

போன வாரம் தொம்மையின் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை வெங்காயம் ஏற்றிக்கொண்டு தோணி கொழும்புக்குப் புறப்படுகிறது. தண்டல் அவன்தான். மாத்திரைப் பொட்டலத்தைத் தோணியில் சமைக்கும் பண்டாரியிடம் அவனே கொடுத்து வைத்திருக்கிறான்.