துருவத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று பெண் வீட்டில் கேட்டார்கள்

எண்பதுகளின் கடைசியில் கப்பல் சமையற்கட்டு வேலையை விட்டுவிட்டு ராஜபாளையம் வந்து சேர்ந்தபோது என்னிடம் ஒரு தகரப் பெட்டியும், பாதியில் நின்ற படிப்பும், வலது முன்கையில் ஒரு தழும்பும் இருந்தன. இந்தச் சொத்தை வைத்து என் அக்கா எனக்குப் பெண் தேடினாள். போன வீடுகளில் எல்லாம் பலகாரம் நன்றாகவே இருந்தது. "ஊர்சுத்திப் பயலுக்கு எப்படிக் கொடுக்க" என்ற பதில் மட்டும் பிறகு ஆள் மூலம் வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் வேறு. பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் வேலை. பஸ்ஸில் இரண்டொரு தடவை பேசியிருக்கிறோம். நான் எதையாவது சொன்னால் உடனே சிரிக்க மாட்டாள், யோசித்துவிட்டுச் சிரிப்பாள். அவள் வேண்டும் என்று இருந்தது. இதுவும் தட்டிப்போனால் மறுபடி கப்பல்தான் என்பதும் தெரிந்தே இருந்தது.

"லண்டன் பாத்தேன், சிங்கப்பூர் பாத்தேன்னு கௌரவமாச் சொல்லுலே," என்றாள் அக்கா. "அந்த நாய்க் கதையை எடுத்தே, உன்னை அங்கனயே விட்டுட்டு வந்துருவேன். முழுக்கைச் சட்டை போட்டுக்க."

பெண்ணின் அப்பா பட்டாளத்தில் இருந்து வந்தவர். ராஜபாளையம் நாய் வளர்ப்பவர். எங்களுக்கு மடக்கு நாற்காலி போட்டார்கள். ஃபேனுக்கு நேர் கீழே கட்டிலில் அவருடைய வெள்ளை நாய் படுத்திருந்தது. அந்த வீட்டில் யார் பெரியவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

"தம்பி எஸ்கிமோ ஊருக்கெல்லாம் போயிருக்கதா தரகர் சொன்னாரு. அங்க பாக்க என்ன இருக்கு?"

கனடாவின் வடகோடியில் ஒரு கடலோரக் குடியிருப்பு அது. கடல் உருகிக் கிடக்கும் கொஞ்ச நாளில் மட்டும் சரக்குக் கப்பல் போகும். நாங்கள் போனபோது காற்று பனிப்பாளங்களைத் தள்ளிக்கொண்டு வந்து விரிகுடாவை அடைத்துவிட்டது. கப்பல் நகர வழியில்லை. ஆக, நான் சுற்றுலாப் பயணி ஆனேன். பார்க்க ஒரு கடை இருந்தது. அதில் விமானத்தில் வந்த தக்காளி இருந்தது, அதுவும் பார்க்கத்தான். ஒரு சாலை, எண்ணெய்த் தொட்டியில் தொடங்கிக் குப்பைமேட்டில் முடியும். குப்பைமேட்டை ரசித்துவிட்டுத் திரும்பினால் எண்ணெய்த் தொட்டியை ரசிக்கலாம். பனிவீடு எங்கே என்று கேட்டேன். பலகை வீடுகளையும் வாசலில் நின்ற மோட்டார் வண்டிகளையும் காட்டினார்கள். செய்வதற்கும் குறைவில்லை. மூடுபனி விலகக் காத்திருக்கலாம். விலகியதும் அடுத்த மூடுபனிக்குக் காத்திருக்கலாம். கோடையில் சூரியன் மறையாத ஊர் என்று பெருமையாகச் சொன்னார்கள். பொழுது எப்போது சாயும், வேலை எப்போது முடியும் என்று பார்த்திருக்கும் சமையற்கட்டுக்காரனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

இதையெல்லாம் பெண் வீட்டில் சொல்ல முடியுமா? "பனிதான். நெறையப் பனி," என்று காபி டம்ளரை வாங்கக் கை நீட்டினேன். சட்டைக்கை மேலே ஏறிக்கொண்டது.

"அது என்ன தழும்பு?"

"மிஷின்ல பட்டுருச்சு மாமா," என்று அக்கா முந்திக்கொண்டாள்.

"மிஷினுக்கு எப்பம்மா கோரைப்பல் முளைச்சது?"

நான் அக்காவைப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினேன். குடியிருப்புக்கு வெளியே கூழாங்கல் மேட்டில், பனிவண்டி இழுக்கும் நாய்களை வரிசையாகச் சங்கிலியில் கட்டியிருப்பார்கள். அந்த இன்யூட் மக்கள் (எஸ்கிமோ என்பது வெளியார் வைத்த பெயர்) அடுத்தவர் நாயின் பக்கமே போவதில்லை. நானோ ராஜபாளையத்துக்காரன். நாயைக் கண்டால் வாயைத் திறந்து உள்ளே சிவப்பா கருப்பா, அசலா கலப்பா என்று பார்க்காமல் நம் ஊரில் எவன் நகர்ந்திருக்கிறான்? வரிசையில் முதலில் நின்ற நாயிடம் போய், துருவத்துக்கே நாய் வளர்ப்பு சொல்லித்தர வந்தவன் போல இரண்டு கையாலும் தாடையைப் பிளந்தேன்.

நர்ஸ் தையல் போட்டாள். நாய்க்காரர் திட்டவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய், தரையில் அட்டை விரித்து, சீல் என்ற கடல்விலங்கின் இறைச்சியைப் பச்சையாக அறுத்துக் கொடுத்தார். கூட உட்கார்ந்து தின்றவர்களுக்கு நடந்ததை நடித்தும் காட்டினார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாளிலிருந்து ஆட்கள் வந்து என் கைக்கட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று கூடியது.

அக்கா கிளம்புவதற்குத் தயாராக முந்தானையை இழுத்துச் செருகினாள். நாய்க் கதையோடு பச்சை மாமிசமும் வெளியே வந்தாகிவிட்டது.

"நாய் வாய்க்குள்ள எப்படி இருந்துச்சு?" என்றார் அவர்.

"கருப்பு."

"முழுக்கவா?"

"மூக்கு, அண்ணம், எல்லாமே."

"சே, கலப்பு," என்று வட துருவத்தையே தள்ளுபடி செய்தார். பிறகு கட்டிலைக் காட்டினார். "இவன் வாயைத் திறந்து பாருங்க. ரோசாப்பூ மாதிரி இருக்கும்."

நாய் ஒரு கண்ணைத் திறந்தது. "பாருலே," என்று அக்கா இடித்தாள். மறுத்தால் பெண் போகும். திறந்தால் கை போகும்.

"நீங்க திறங்க ஐயா. நான் இங்கன இருந்தே பாத்துக்கிடுதேன்."

அவர் முகம் இறுகியது. கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. யோசித்துவிட்டு வந்த சிரிப்பு.

"அப்பா, போன மாசம் வந்த மாப்பிள்ளை திறந்து பாத்துட்டு ஊசிக்குல்ல ஓடுனாரு? இவியளுக்கு ஒரு கடியிலயே புத்தி வந்துருக்கு. எனக்கு இது போதும்."

அவர் நாயைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"காப்பி ஆறுது, குடிங்க மாப்ளே." அதுவரை நான் தம்பி.

கல்யாணத்துக்கு வந்தவர்களும் அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். மணமேடையிலேயே அவள் என் சட்டைக்கையை மடித்துவிட்டாள்.