பாட்டுக்கு முன்னாலுள்ள நாலு நிமிடம்

"…பாட்டு வேண்டாம் அண்ணை. பாட்டெல்லாம் நீங்கள் தந்த சீடியிலை கிடக்கு. பாட்டுக்கு முன்னுக்கு இருக்கிறதைப் போடுங்கோ" என்றாள் பவானி. ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கம் ஒரு தொடர்மாடியின் பன்னிரண்டாம் தளம், சனிக்கிழமை மத்தியானம். மேசையில் நான் தூக்கிக்கொண்டுபோன பழைய கசெற் பெட்டி. இந்த நாட்டில் ஒரு வீட்டுக்குக் கசெற் கேட்கப் போகிறவன் அதைப் போடுகிற பெட்டியையும் சுமந்துகொண்டுதான் போகவேண்டும். லிப்டில் நின்ற வெள்ளைக்கார மனுசி அதைப் பார்த்துவிட்டு, "விற்கப் போகிறாயா?" என்று கேட்டாள். கேட்கப் போகிறேன் என்றேன். நல்ல பகிடி என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துக்கொண்டே ஆறாம் தளத்தில் இறங்கிவிட்டாள்.

நான் மிருதங்கக்காரன். வார நாட்களில் ஸ்காபரோவில் ஒரு பக்டரியில் பெட்டி அடுக்குவேன்; சனி ஞாயிறுகளில் கல்யாணம், அரங்கேற்றம் என்று வாசிப்பேன். உங்களுக்குப் பிடித்த பதிவு எது என்று அரங்கேற்றப் பிள்ளைகள் கேட்பார்கள். பெரிய வித்துவான் ஒருவருடைய பெயர் வரும் என்று என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்குப் பிடித்தவை வேறு. ஒரு திருவிழா மேளக் கசெற்: நடுவில் ஜெனரேற்றர் நின்று ஒலிபெருக்கி செத்துப்போகும், நாதஸ்வரக்காரர் அதைக் கணக்கெடுக்காமல் வெறும் காற்றில் ஊதிக்கொண்டே போவார். இன்னொன்று, யாரோ வானொலியிலிருந்து பதிந்த வயலின் கச்சேரி. ஆலாபனை உச்சத்துக்கு ஏறுகிற நேரம் பார்த்து ஒரு பெண், "புட்டு ஆறுது, வாங்கோவன்" என்று கூப்பிடுவாள். அவள் யாரென்று தெரியாது. இருபது வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

எல்லாவற்றிலும் பிடித்தது நேசனுடைய கசெற்றின் முதல் நாலு நிமிடம். நேசன் பவானியின் கணவன், எனக்குச் சிநேகிதன். யாழ்ப்பாணத்தில், நான் புறப்படுவதற்கு முந்திய மாரியில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பதிந்தது. கரண்ட் இல்லாத காலம். பெட்டிக்குப் பற்றறி தேடியே இரண்டு கிழமை அலைந்தோம். அவன் வயலின், நான் மிருதங்கம். அந்த நாலு நிமிடமும் சுருதி சேர்க்கிற சத்தம்தான். அவன் தந்தியை முறுக்குவான், இளக்குவான். நான் மிருதங்கத்தின் விளிம்பைக் கல்லால் தட்டிக்கொண்டிருப்பேன். ஓட்டில் மழை விழும். இடையில் நேசன் ஒரு வசனம் சொல்வான்.

ஒருநாள் என்னோடு வேலை செய்கிற நிக் என்ற கிரேக்கனைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழக்கம்போல அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டேன். மூன்றாம் முறை, "எப்போது தொடங்கும்?" என்று கேட்டான். தொடங்கிவிட்டது என்றேன். இறங்கும்போது ஒரு துண்டில் தன் மருமகனுடைய போன் நம்பரை எழுதித் தந்தான். கார் ரேடியோ திருத்துகிறவனாம், அதிகம் காசு கேட்கமாட்டானாம். நல்ல மனுசன். அவனுக்கு எதை விளக்க? ஊரில் மழையும் நாயும் பக்கத்து வீட்டுச் சண்டையும் சேராமல் ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. இங்கே கார்க் கண்ணாடியை ஏற்றினால் பாட்டுத் தனித்துப்போகிறது. "இஞ்சை சத்தம் இல்லைத் தம்பி, இரைச்சல்தான் இருக்கு" என்று பஸ்ஸில் ஒரு அங்கிள் சொன்னார். அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியாது.

பவானி முந்திய வருடம்தான் தமையனிடம் வந்து சேர்ந்தவள். நேசன் தாயைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று வன்னியில் நின்றான். தை மாதம் அவனிடமிருந்து ஒரு போன் வந்தது. பிறகு வரவில்லை. அரங்கேற்றங்களை எல்லோரும் ஒத்திவைத்தார்கள். டவுன்ரவுனில் ரோட்டோரம் நின்று சண்டையை நிறுத்தச் சொல்லிக் கத்தினோம். வைகாசியில் எல்லாம் முடிந்தது என்றார்கள். அடுத்த நாள் நான் வேலைக்குப் போனேன். பெட்டி அடுக்கினேன். மத்தியானம் சோறு சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்று நினைவில்லை. கடையில் வரிசையில் நின்ற ஒரு அன்ரி யாரையும் பார்க்காமல், "அழுறதுக்கும் லீவெல்லோ எடுக்கவேணும்" என்றார். நான் லீவும் எடுக்கவில்லை, அழவும் இல்லை. மிருதங்கத்தில் கை வைத்தால் மேசையில் வைத்தது மாதிரி இருந்தது. நேசனின் கசெற் காரிலேயே கிடந்தது. விரல் அதுவரை போகும், திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளும்.

பங்குனியில் பவானி, "இவர் வாசிச்சது ஏதும் வைச்சிருக்கிறியளோ அண்ணை?" என்று கேட்டபோது ஒரு சீடி செய்து கொடுத்திருந்தேன். பாட்டுத் தொடங்குகிற இடத்திலிருந்துதான் பதிந்தேன். பிறருக்குக் கொடுப்பது சுத்தமாக இருக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த நாலு நிமிடத்தை என்னோடு வைத்துக்கொள்ள விரும்பினேன். எல்லாம் முடிந்து மூன்றாம் கிழமை அவள் போன் எடுத்தாள். "அண்ணை, எனக்கு இவரின்ரை முகம் மனசிலை நிக்குது, குரல் நிக்குதில்லை. அண்டைக்கு நானும் முன்வரிசையிலை இருந்தனான். தொடங்க முன்னம் இவர் ஏதோ கதைச்சவர். சீடியிலை அது இல்லை." அவளிடம் நேசனின் குரல் வேறெதிலும் இல்லை. மறுநாள்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த லிப்டில் ஏறினேன்.

அவளுக்கு ஒன்றைச் சொல்லவேண்டியிருந்தது. பதினைந்து வருடமாக ஒரே இடத்தைப் போட்டுப் போட்டு அந்த இடம்தான் தேய்ந்திருந்தது. ஒருமுறை கார்ப் பெட்டி நாடாவை இழுத்துக் கடித்ததும் அங்கேதான். பாட்டு முழுதும் பழுதில்லாமல் இருக்கிறது. நேசன் கதைக்கிற இடம் நூலாகிப்போய்க் கிடக்கிறது.

"கேட்டுக் கேட்டு நான்தான் பவானி தேய்ச்சுப்போட்டன்" என்றேன். "இப்ப போட்டால் அறுந்தாலும் அறும்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். "நீங்களாவது கேட்டியளே" என்றாள். பிறகு, "போடுங்கோ."

என் செல்போனைப் பக்கத்தில் வைத்து, பதியவிட்டு, பொத்தானை அமர்த்தினேன். முதலில் இரைச்சல். பிறகு தந்தி, மேலே ஏறியது, கீழே இறங்கியது. என் கல். மழை. நேசனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது: "மச்சான், அந்த யன்னலைச் சாத்தடா, தூவானம் அடிக்குது." அவ்வளவுதான். காலடிச் சத்தம், யன்னல் அடித்துச் சாத்துகிற சத்தம். அதற்குப் பிறகு மண்டபத்தில் யாரோ சிரிப்பார்கள்; எனக்கு மனப்பாடம். அந்தச் சிரிப்பு வரவில்லை. நாடா அறுந்து, பெட்டி வெறுமனே சுற்றியது.

இப்போது நான் காரில் கேட்பது அந்தப் போன் பதிவைத்தான். அதில் நேசனின் வசனத்துக்குப் பிறகு இரண்டு தரம் காலடி கேட்கும். முதலாவது என்னுடையது, அன்றைய மழைச் சத்தத்துக்குள் யன்னலுக்குப் போகிறேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கேட்பது பவானியுடையது. வெளியே நல்ல வெயில். கீழே நெடுஞ்சாலை இரையும் என்று அந்த வீட்டு யன்னல் எப்போதும் சாத்தியேதான் இருக்கும். அவள் எழும்பிப் போய், சாத்தியிருந்த அந்த யன்னலின் கொளுக்கியை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.