வடிகால் பார்க்க ஸ்ரீரங்கம் போன கதை

ஸ்ரீரங்கத்துக்கு எல்லாரும் கோயில் பார்க்கப் போவார்கள். நான் மாசியில் போனது, இன்னும் கட்டாத ஒரு மழைநீர் வடிகாலைப் பார்க்க. என் கல்லூரித் தோழி மாலதி மாநகராட்சிப் பொறியாளர். கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு தாழ்வான தெருவுக்கு வடிகால் கட்ட மத்திய அரசிடம் நிதி கேட்டு இரண்டு முறை டெல்லி போய் வந்தவள். "டெல்லியிலேர்ந்து குழு நேர்லயே பாக்க வருதுடி. நீயும் வந்து பாரு" என்றாள். விடுவேனா?

சென்னையிலிருந்து இரவு ரயில், விடியற்காலையில் திருச்சி ஜங்ஷன். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார். நான் சத்திரம் பேருந்து நிலையம் வழியாகப் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. காவிரிப் பாலம் வரும்போது ஜன்னலோரம் கிடைத்தால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தெருவுக்குள் நுழைந்ததும் மாலதி தலையில் கை வைத்துக்கொண்டாள். டெல்லியிலிருந்து விருந்தாளி வருகிறார் என்று தெருவே சேர்ந்து வாசல் கழுவி, கோலம் போட்டு, சுவருக்கெல்லாம் வெள்ளையடித்திருந்தது. ஐப்பசியில் இடுப்பளவு நின்ற தண்ணீரின் கறை எங்குமே தெரியவில்லை. குழுத் தலைவர் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நன்றாக இருக்கும் தெருவுக்கு எதற்கு இத்தனை பெரிய தொகை என்று ஆங்கிலத்தில் கேட்டார். மாலதி வெள்ளப் படங்களை நீட்டினாள். எல்லா ஊரிலும் இதே படங்களைத்தான் காட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் காரை நோக்கி நடந்தார். நானும் மாலதியும் பின்னாலேயே ஓடினோம்.

கார் நின்றிருந்தது சாந்தி அக்கா வீட்டு வாசலில். கணவர் ரயில்வேயில் வேலை பார்க்கிறார். வெள்ளையடிப்புக்குத் தலைமை தாங்கியதே இந்த அக்காதானாம். "நம்ம தெருவுக்கு வந்தவங்க சும்மா போகக் கூடாதுங்க. உள்ள வந்து ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போங்க" என்றார். மாலதி ஆங்கிலத்தில் சொன்னாள். தலைவர் தயங்கித் தயங்கி உள்ளே போனார்.

வீட்டுக்குள் வெள்ளையடிக்க நேரம் கிடைத்திருக்கவில்லை. சுவரைச் சுற்றி இடுப்பு உயரத்தில் பழுப்புக் கோடு. ஃப்ரிட்ஜ், பீரோ, கட்டில் எல்லாமே செங்கல் அடுக்கின் மேல். அவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். கால் தரைக்கு எட்டவில்லை. டம்ளரைப் பிடித்தபடி, தொங்கும் தன் கால்களையே பார்த்தார். செங்கல் எதற்கு என்று கேட்டார்.

"மழை முடிஞ்சதும் எறக்கிடலாம்னுதான் வெச்சோம். அதுக்குள்ள அடுத்த மழை வந்துருதுங்க" என்றார் அக்கா.

அதன்பிறகு தலைவரே செல்போனை எடுத்தார். வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்தார். போன வீட்டிலெல்லாம் காபி. மாலதி சந்தோஷத்தில் என் கையை நசுக்கிவிட்டாள்.

போகிறவர்களுக்கு: தை, மாசி சரியான காலம். ஐப்பசியில் கொள்ளிடக் கரைப் பக்கம் அறை எடுக்காதீர்கள். உங்கள் தெருவுக்கு இப்படிக் குழு வந்தால் காபி போடுங்கள், வெள்ளை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

நேற்று மாலதி போன் செய்தாள். நிதி கிடைத்துவிட்டது. நான் நாற்காலியிலிருந்து குதித்தே விட்டேன். "அக்கா கட்டிலை எறக்கிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"தண்ணி வராத ஒரு ஐப்பசியைப் பாத்துட்டு எறக்கறேன்னுட்டாங்கடி."