மொச்சை வரிசையில் நட்ட பேனர்

பாப்பாரப்பட்டிச் சென்றாயனின் மகன் மதியழகன் ஸ்பெயினில் படிக்கிறான் என்று ஊரே சொல்கிறது. ஊர் சொல்வதில் பாதிதான் உண்மை. அவன் ஸ்பெயினில் இருக்கிறான். படிப்பது அவன் அக்கா யுவராணி, பாப்பாரப்பட்டியில், மாட்டுக்கொட்டகைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு.

ஒரு வருடமாக இதுதான் கதை. கோர்டோபா என்று ஓர் ஊர், அங்கே மானாவாரி விவசாயத்தில் மேல்படிப்பு. மழையை நம்பிப் பயிர் வைப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள, மழையை விட்டால் வேறு நாதியில்லாத தருமபுரி ஜில்லாவிலிருந்து ஒருவன் விமானம் ஏறிப் போகிறான்! அதுவும் யார்? பயிர்க் கொல்லைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மதியழகன். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். எம்.எஸ்சி. தாவரவியலில் கல்லூரிக்கே முதலாக வந்த அக்காக்காரி வீட்டில் சாணி அள்ளினாள், மூன்று அரியர் வைத்துத் தட்டுத்தடுமாறித் தேறிய தம்பி ஐரோப்பா போனான். ஆண்பிள்ளை அல்லவா, போகத்தானே வேண்டும்.

தினமும் சாயங்காலம் வீடியோ கால் வரும். அம்மா தீர்த்தம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள்.

"இங்க மத்தியானம் ரெண்டு மணியானா கடைய சாத்திட்டுத் தூங்கப் போயிடறாங்கம்மா. அஞ்சு மணிக்கு மேலதான் தொறப்பாங்க. ராத்திரி சோறு பத்து மணிக்கு."

"பத்து மணிக்கா! அதுவரைக்கும் வயித்துல ஈரத்துணியா கட்டிக்குவாங்க?"

"காலையில ரொட்டிய வாட்டி, தக்காளிய அதுமேல தேச்சி, ஆலிவ் எண்ணெய ஊத்தித் தின்றாங்கம்மா. கடைக்குள்ள பன்னிக்கால முழுசா தொங்கவிட்டிருக்காங்க."

"அய்ய! நீ அந்தப் பக்கமே போவாத சாமி."

சாமி போகவில்லை. சாமி எங்கேயுமே போகவில்லை. நாமக்கல் பையன், தேனிப் பையன், நெல்லூர்ப் பையன், இவன் என்று நாலு பேர் ஒரே வீட்டில். பொன்னி அரிசி வாங்கி வடித்து, ஊரிலிருந்து வந்த குழம்புத்தூளைக் கொட்டி, நாலு பேரும் ஒரே லேப்டாப்பில் படம் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். ஒரு வருடத்தில் அவனுக்கு வந்த ஸ்பானிஷ் இரண்டு சொல்: ஓலா, கிராசியாஸ். வணக்கமும் நன்றியும் தெரிந்தால் பிச்சைகூட எடுக்கலாம், பரீட்சை எழுத முடியுமா? அந்த நாட்டு மொழிப் பாடத்தையும் இணையத்தில் தம்பி பெயரில் திறந்து அக்காதான் படித்தாள்.

அந்த ஊரில் தெருவுக்குத் தெரு ஆரஞ்சு மரம் நிற்குமாம். பழம் வேம்பாய்க் கசக்கும், அதனால் ஒருத்தரும் தொடமாட்டார்களாம். நம் ஆட்கள் விடுவார்களா? விடியற்காலையில் போய் ஒரு பை நிறையப் பறித்துவந்து, நார்த்தங்காய் மாதிரி நறுக்கி உப்பும் மிளகாயும் போட்டு ஊறுகாய் ஆக்கிவிட்டார்கள். மதியழகன் ஸ்பெயினில் சொந்தமாகச் செய்துமுடித்த ஒரே ஆராய்ச்சி அதுதான்.

அம்மா எழுந்து போனதும் அவன் குரல் இறங்கும்.

"யக்கா, வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரு ரிப்போர்ட்டு."

கம்ப்யூட்டரே கட்டுரை எழுதித் தருகிற காலம்தான் இது. ஆனால் அந்தக் கல்லூரியில் அதைக் கண்டுபிடிக்க வேறொரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்களாம். அக்காவைக் கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் வரவில்லை.

யுவராணி ஏன் எழுதினாள்? தம்பிப் பாசமா? ஒரு மண்ணும் இல்லை. அவளுக்கு ஆராய்ச்சிப் படிப்பு படிக்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். அப்பா சென்றாயன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"தம்பி நல்லபடியா முடிச்சிட்டு வரட்டும், நீயும் மேல படி. அவன் கோட்டை வுட்டான்னா, படிப்புமாச்சு புண்ணாக்குமாச்சு, தொப்பூருக்குத் தாம்பூலம் மாத்திக்க வேண்டியதுதான்."

தொப்பூர் என்றால் மாமன் மகன் குரு. கணவாய்ச் சாலையில் லாரிக்காரர்களுக்குப் பரோட்டாக் கடை வைத்திருக்கிறான். பெண்பார்க்க வந்தபோது அவளிடம் அவன் சொன்னதே ஒரு பேச்சுதான்: "நீங்க ஒண்ணும் பண்ண வேணாங்க, கல்லாவுல உக்காந்தா போதும்." அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள், தம்பியை எப்படியாவது கழுத்தைப் பிடித்துத் தள்ளிக் கரைசேர்த்துவிட வேண்டும் என்று. இருபத்தேழு வயதுக்காரியின் தலையெழுத்து, ஊறுகாய் போடுகிறவன் கையில்.

இரண்டாம் வருடம் அக்டோபரில் கெட்டது காலம். ஆலிவ் தோப்பில் மண் வீணாய்க் காய்கிறது, என்ன செய்யலாம் என்று ஒரு கட்டுரை. யுவராணி தங்கள் கொல்லையை அப்படியே எழுதினாள். எட்டு வரிசை கேழ்வரகு, ஒரு வரிசை மொச்சை. கேழ்வரகை அறுத்த பிறகும் மொச்சை படர்ந்து நின்று மண்ணை மூடிக்கொள்ளும், மார்கழிப் பனியைக் குடித்தே காய்க்கும், அதுபோல ஆலிவ் மரங்களுக்கு நடுவிலும் செய்து பார்க்கலாம் என்று. எலேனா என்கிற பேராசிரியைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வகுப்பில் எழுப்பி நிறுத்தி, இது நீ பார்த்ததா என்று கேட்டிருக்கிறாள். நம்மவன் சும்மா இருந்திருக்கலாமே! எங்கள் சொந்த நிலம், வேண்டுமானால் வீடியோவில் நேரடியாகக் காட்டுகிறேன் என்று அளந்துவிட்டான். வாய் சும்மா இருந்தால்தானே. வியாழக்கிழமை வகுப்பு முழுவதும் பார்க்கும் என்று அவள் நாள் குறித்துவிட்டாள்.

செய்தி சென்றாயன் காதுக்கு வந்தது. ஸ்பெயினிலிருந்து வாத்தியாரம்மா கொல்லையைப் பார்க்கிறாள்! நம் ஊரில் காது குத்தினால் பேனர், செத்தால் பேனர். இதற்கு வைக்காமல் இருப்பாரா? பிளெக்ஸ் கடைப் பூவரசனைக் கூப்பிட்டுப் பத்தடிக்கு எட்டடி அடித்தார். நடுவில் கறுப்புக் கண்ணாடியும் கோட்டுமாக மதியழகன். 'எங்கள் நிலத்தைக் காண வரும் ஸ்பெயின் நாட்டுப் பேராசிரியர்களே, வருக வருக.' கீழே சித்தப்பன், பெரியப்பன், பங்காளி வீட்டுப் பிள்ளைகள் என்று பதினெட்டு தலைகள். போனில் வருகிறவளுக்குத் தமிழில் வரவேற்பு, அவள் எந்தப் பக்கம் வந்து நின்று படிப்பாளோ!

வியாழக்கிழமை மத்தியானம் யுவராணி போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். கேழ்வரகு வீணாகிவிடக் கூடாதே என்று, வழியோரத்து மொச்சை வரிசையைப் பார்த்துக் குழி பறித்துக் கம்பம் நட்டிருந்தார்கள். நட்டவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் சேர்ந்து மிதித்ததில் அந்தக் கொடி துவையலாகிக் கிடந்தது.

"அப்பா! அந்தம்மா பாக்க வர்றதே இந்த மொச்சையத்தாம்ப்பா!"

"மொச்சைய எவளாச்சும் பாப்பாளா? மூஞ்சி தெரியறாப்ல புடி, போ." சென்றாயன் வெள்ளைச் சட்டையின் மடிப்பு கலையாமல் பேனருக்குக் கீழே கைகூப்பி நின்றார். பக்கத்தில் தீர்த்தம்மாள், உச்சி வெயிலில் பட்டுச்சேலை.

கால் வந்தது. திரையில் வகுப்பு, முன்னால் எலேனா, ஓரமாகத் தம்பி. யுவராணி தோட்டத்துக்குப் போட்ட பழைய சட்டையும் தலையில் துண்டுமாக, மிதிபடாத வரிசையைத் தேடிப்போய்க் காட்டினாள். எலேனா மதியழகன் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டாள்: கேழ்வரகை அறுத்த பிறகு மழையும் கிடையாது, அப்போது இந்தச் செடி எதைக் குடித்து நிற்கிறது?

மதியழகன் கழுத்தைத் தடவினான். "இர்ரிகேஷன்," என்றான்.

தண்ணீர் பாய்ச்சுவோமாம். மானாவாரிக் கொல்லைக்கு! மார்கழிப் பனியில் அம்மாவும் அக்காவும் விரல் மரத்துப்போய்க் காய் பறித்த கொல்லைக்கு, பிறந்ததிலிருந்து அந்த மொச்சைக் குழம்பைத் தின்று வளர்ந்தவன் சொன்ன பதில் அது. யுவராணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

எலேனா கட்டுரையைக் கையில் எடுத்தாள். பனி என்றல்லவா இதில் எழுதியிருக்கிறது, யார் எழுதியது இது என்று கேட்டாள். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

"யக்கா," என்று வகுப்புக்கு நடுவிலேயே தமிழில் கெஞ்சினான் தம்பி. "நான்தான் எழுதினேன்னு சொல்லுக்கா. உங்கால்ல வுழறேன்."

நாய் வேசம் போட்டால் குரைத்துத்தான் ஆகவேண்டும், இவனோ குரைப்பதற்கும் அக்காவைக் கூப்பிடுகிறான். உண்மையைச் சொன்னால் தம்பி போச்சு, தம்பி போனால் தொப்பூர். அந்தக் கல்லாப்பெட்டி அவள் கண்முன் வந்து நின்றது. பொய் சொன்னால் இந்தத் தடவை தப்பிக்கலாம். அப்புறம்? வேலைக்குப் போனாலும் அவனுக்கு எழுதித்தர வேண்டும், அவன் பிள்ளைக்கும் எழுதித்தர வேண்டும்.

"லோ எஸ்க்ரிபீ யோ," என்றாள் யுவராணி. நான்தான் எழுதினேன். தம்பி பெயரில் படித்த ஸ்பானிஷ் முதல் தடவையாக அவள் வாயிலேயே வந்தது.

அதற்கப்புறம் எலேனா தம்பி பக்கம் திரும்பவே இல்லை. இருபது நிமிடம் இவளையே கேட்டாள். எந்த ரகம், எத்தனை அடி இடைவெளி, மாடு மேய்ந்தால் தழைக்குமா என்று ஒவ்வொன்றாக. கடைசியில் இவள் பெயரையும் ஈமெயிலையும் எழுதிக்கொண்டாள். சென்றாயன் அதுவரைக்கும் கூப்பிய கையை இறக்கவில்லை.

கால் முடிந்த மறுநிமிடம் தம்பி கூப்பிட்டான். "என் வாழ்க்கைய நாசம் பண்ணிட்டியேடி!"

"உன் வாழ்க்கைய எழுதி எழுதி என் கை ஓஞ்சிபோச்சுடா. இனிமே நீயே எழுது," என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்பாவிடம் திரும்பினாள். "அவன் இனி தேற மாட்டான்ப்பா. ஒரு வருசமா அவன் பேர்ல நான்தான் எழுதினேன். இப்ப சொல்லிட்டேன். தொப்பூருக்கும் நான் போவ மாட்டேன்."

"அடிப்பாவி!" சென்றாயன் கத்திய கத்தலில் வேடிக்கை பார்த்தவர்கள் நழுவிவிட்டார்கள். தீர்த்தம்மாள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். "டேய் பூவரசு, அந்தக் கருமத்தக் கழட்டி எறிடா மொதல்ல!"

"ஏண்ணே, புது பேனரு," என்றான் கம்பத்தடியில் நின்ற பூவரசன். "அந்தம்மா அக்காகிட்டதானே அவ்ளோ நேரம் பேசுச்சு. அக்கா போட்டோ ஒண்ணு குடுங்கண்ணே, தம்பி மேல ஒட்டிடறேன்."

அவன் கிண்டலாகச் சொன்னானா, வியாபாரமாகச் சொன்னானா தெரியவில்லை. சென்றாயன் அவனை முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தன் போனை எடுத்து அதிலிருந்த படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். மகன் அனுப்பியவை: பாலத்தின்மேல் மகன், பஸ்ஸில் மகன், ஆரஞ்சு மரத்தடியில் மகன், ஊறுகாய்ப் பாட்டிலோடு மகன். விரல் வலிக்கும் வரை மகன்தான். மகள் ஒரே ஒரு படத்தில் இருந்தாள். தொப்பூருக்கு அனுப்பப் பட்டுச்சேலை கட்டி, ஸ்டுடியோவில் எடுத்தது.

யுவராணி எட்டிப் பார்த்தாள். "அத அழிச்சிடுங்க," என்றாள். மிதிபடாத மொச்சைக்கு நடுவில் போய், துண்டைக்கூட அவிழ்க்காமல் நின்றாள். "வேணும்னா இங்க வெச்சி எடுங்க."

சென்றாயன் போனைத் தூக்கிப் பிடித்தார். எதை அழுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதையும் அவள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.